காப்பிக்கொட்டையின் குலம்

"நாக்குக்கு நாக்கு ருசி வேறு" என்று சொல்லிவிட்டால் எந்த விவாதமும் முடிந்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ருசிக்கு நியாயம் கேட்கக் கூடாது. ஒருவருக்குப் பாகற்காய் அமிர்தம், இன்னொருவருக்கு அதுவே விஷம். இதில் தீர்ப்புச் சொல்ல எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரமில்லை. கேட்பதற்கு மிகவும் பெருந்தன்மையான கொள்கைதான். ஆனால் இதைச் சொல்லுகிற அதே மனிதர், அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில் காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, டம்ளரைத் தள்ளி வைத்து, "இவர்களுக்குக் காப்பி என்றால் என்னவென்றே தெரியாது" என்கிறார். முன்பு சொன்னது கொள்கை. இப்போது சொன்னது நம்பிக்கை. மனிதன் கொள்கையைச் சுலபமாக விட்டுக் கொடுப்பான். காப்பியைப் பற்றிய நம்பிக்கையை விட்டுக் கொடுக்க மாட்டான்.

ஆகவே, ருசியில் உயர்வு தாழ்வு உண்டா என்ற கேள்வியை ஆராய, சங்கீதத்தையோ சிற்பத்தையோ தேடிப் போக வேண்டியதில்லை. காப்பிப் பொடிக் கடை வாசலில் கால் மணி நேரம் நின்றாலே போதும். ஒருவர் வருகிறார். "பீபரி பாதி, பிளாண்டேஷன் பாதி போடுங்க. சிக்கரி வாசனையே கூடாது" என்கிறார். எதிர் வீட்டு மாடியில் இருப்பவருக்கும் கேட்கும்படியாகத்தான் சொல்லுகிறார். அவர் போன பிறகு இன்னொருவர் வந்து கல்லாப் பெட்டியின் மேல் சற்றே குனிந்து, "வழக்கம்போல எழுபது முப்பது போடுங்க" என்கிறார். முப்பது என்பது சிக்கரி. அந்த வார்த்தை வாயில் வராமலே காரியம் முடிந்துவிடுகிறது. கடைக்காரர் இரண்டையும் ஒரே இயந்திரத்தில்தான் அரைக்கிறார். காசு கொடுத்து வாங்குகிற சாமானுக்கு ஒருவர் குரல் ஏன் உயர வேண்டும், மற்றவர் குரல் ஏன் தாழ வேண்டும் என்பதுதான் எனக்குப் புரிய வேண்டியிருந்தது. அதைப் புரிந்துகொள்ள முதலில் கொட்டைகளின் பெயர்களைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பீபரி என்பது ஏதோ உயர்ந்த ஜாதிச் செடியின் பெயர் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அப்படி ஒரு செடியே இல்லை. காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு விதைகள் இருக்கும். அவை ஒன்றோடொன்று முகம் பொருத்தி வளர்வதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தட்டையாகிவிடுகிறது. சில பழங்களில் இரண்டில் ஒன்று ஆரம்பத்திலேயே வளராமல் நின்றுவிடும். மிஞ்சிய ஒன்று உள்ளே இருக்கும் இடம் முழுவதையும் தானே எடுத்துக்கொண்டு பட்டாணி மாதிரி உருண்டு திரண்டுவிடும். அதுதான் பீபரி. அரபிகாச் செடியிலும் உண்டு. ரொபஸ்டாச் செடியிலும் உண்டு. ஒரு தோட்டத்து விளைச்சலில் 100க்கு 5 முதல் 10 வரை இப்படி இருக்கும். உருண்டையாக இருப்பதால் வறுக்கும்போது சீராகப் புரண்டு வறுபடுகிறது என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் அதே கிளையில், அடுத்த காம்பில், கூடப் பிறந்த தட்டைக் கொட்டையைவிட இதற்குத் தனியான மகிமை ஒன்று பிறவியிலேயே வந்துவிட்டது என்று சொல்ல ஆதாரம் போதாது.

பிளாண்டேஷன் என்ற பெயரும் அப்படித்தான். நம் நாட்டு வியாபார வழக்கில், பழத்தின் தோலை உரித்து, விதையின் மேல் ஒட்டியிருக்கும் வழவழப்பை நொதிக்கவிட்டுக் கழுவி உலர்த்திய அரபிகாவுக்குப் பிளாண்டேஷன் என்று பெயர். பழத்தை அப்படியே வெயிலில் காயப் போட்டுப் பிறகு தோலை நீக்கினால் அது செர்ரி. ரொபஸ்டாவைக் கழுவி எடுத்தால் பார்ச்மென்ட். ஏ, பி, சி என்ற எழுத்துக்கள் கொட்டையின் பருமனைக் குறிக்கின்றன. பெரிய கண் உள்ள சல்லடையில் தங்கினால் ஏ. அதில் விழுந்து சிறிய கண்ணில் தங்கினால் பி. சல்லடைக்கு நாக்கு கிடையாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

பெயர்களில் பாதி இப்படி என்றாலும், ருசி வித்தியாசங்கள் வெறும் கற்பனை என்று சொல்லிவிட முடியாது. கழுவிய கொட்டையில் ஒரு தெளிவான புளிப்பும் மெல்லிய வாசனையும் இருக்கும். பழத்தோடு காய்ந்த கொட்டையில் கனமும் ஒருவிதப் பழ இனிப்பும் ஏறியிருக்கும். உயரமான மலையில் குளிரில் மெதுவாகப் பழுத்ததற்குப் புளிப்பு அதிகம். காப்பியில் புளிப்பா என்று சிலர் ஆச்சரியப்படலாம். நாம் அறுசுவை என்று எண்ணுகிற ஆறில் கைப்பு, புளிப்பு, துவர்ப்பு ஆகிய மூன்றும் காப்பிக்கு இயற்கையாகவே உண்டு. நாம் கரியாக வறுத்துப் புளிப்பை ஓட்டிவிடுகிறோம். பிறகும் எஞ்சியதைப் பாலும் சர்க்கரையும் மூடிவிடுகின்றன. இளவறுப்பாக வறுத்த நீலகிரிக் காப்பியைப் பால் விடாமல் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். பாத்திரத்தைச் சரியாகக் கழுவவில்லையோ என்று சந்தேகப்படுவார்.

அரபிகாவுக்கும் ரொபஸ்டாவுக்கும் உள்ள வித்தியாசத்தை ரசாயன சாலையிலேயே அளந்து காட்டலாம். அரபிகாவில் காபீன் என்ற சத்து 100க்கு சுமார் 1.2 பங்கு, ரொபஸ்டாவில் சுமார் 2.2 பங்கு. அரபிகாவில் சர்க்கரையும் எண்ணெயும் அதிகம். ஆகையால் மணமும் மென்மையும் கூடுதல். ரொபஸ்டா கைக்கும், கனக்கும், நுரைக்கும். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் பழகிய நாக்கு இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடும்.

டேவிட் ஹ்யூம் என்ற ஸ்காட்லாந்துத் தத்துவ ஞானி 1757இல் ருசியின் அளவுகோலைப் பற்றி எழுதியபோது, டான் குவிக்ஸாட் நாவலிலிருந்து ஒரு வேடிக்கைக் கதையை எடுத்துக் கொண்டார். ஒரு பீப்பாய்த் திராட்சை மதுவைச் சுவை பார்க்க இரண்டு பேரைக் கூப்பிட்டார்கள். ஒருவன், "நல்ல மதுதான், ஆனால் லேசாகத் தோல் வாடை அடிக்கிறது" என்றான். மற்றவன், "நல்ல மதுதான், ஆனால் இரும்பு வாடை அடிக்கிறது" என்றான். சுற்றியிருந்தவர்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் ஒரு பழைய சாவி கிடந்தது. அதில் தோல் வார் ஒன்று கட்டியிருந்தது. நுட்பமான நாக்கு பொய் சொல்லவில்லை. அது கண்டதற்குப் பொருள் உள்ளே இருந்தது என்பதற்காகத்தான் ஹ்யூம் இதைச் சொன்னார். "நாக்குக்கு நாக்கு வேறு" என்று கையை உதறிவிடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்த இருவரும் எதைச் சொன்னார்கள், எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தோல் வாடை உண்டு என்றார்கள். தோல் வாடையை விரும்புகிறவன் மட்டமான மனிதன் என்று அவர்கள் சொல்லவில்லை. "இது புளிக்கிறது" என்பது ஒரு வாக்கியம். "ஆகையால் இது உயர்ந்தது" என்பது வேறொரு வாக்கியம். முன்னதற்குச் சாட்சி கொட்டைக்குள்ளே இருக்கிறது. பின்னதற்குச் சாட்சி எங்கே?

காப்பித் தொழிலில் சுவை பார்ப்பதற்கென்றே தேர்ந்தவர்கள் உண்டு. பொடியின் மேல் வெந்நீரை ஊற்றி, மேலே கட்டும் ஆடையைக் கரண்டியால் உடைத்து மோந்து, பிறகு ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சிச் சுவைத்துத் துப்புவார்கள். அவர்கள் உறிஞ்சும் சத்தத்தை நம் வீட்டுக் குழந்தை எழுப்பினால் முதுகில் ஒன்று விழும். 100க்கு மார்க் போடுவார்கள். 80க்கு மேல் வாங்கினால் அது சிறப்புக் காப்பி. அவர்களுடைய தேர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மார்க் பாலும் சர்க்கரையும் இல்லாத காப்பிக்குப் போட்ட மார்க். அதே கொட்டையைக் கொண்டுவந்து, கள்ளிச்சொட்டுப் போன்ற பாலில் டிகாக்ஷன் இறக்கி, டவராவில் ஆற்றிக் கொடுத்தால், அந்த மெல்லிய புளிப்பும் பூவாசனையும் பாலுக்குள் எங்கோ போய் ஒளிந்துகொள்ளும். பாலை எதிர்த்து நிற்கக் கனம் வேண்டும். ரொபஸ்டாவுக்கும் சிக்கரிக்கும் அது உண்டு. வீணைக்குப் போட்ட மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு, கோயில் வீதியில் போகும் நாகஸ்வரத்தை மட்டம் தட்டுவது எப்படி நியாயமாகும்?

இந்த இடத்தில் மலபார் மழைக்காற்றுக் காப்பியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். பாய்மரக் கப்பல் காலத்தில் நம் மேற்குக் கரையிலிருந்து காப்பிக்கொட்டை ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போகப் பல மாதங்கள் ஆகும். மரக் கப்பலின் அடித்தட்டில் கடற்காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கொட்டை ஊதிப் பெருத்து, பச்சை நிறம் போய் வெளிறி மஞ்சளாகிவிடும், புளிப்பும் போய்விடும். கறாராகச் சொன்னால் அது கெட்டுப் போன சரக்கு. ஆனால் அங்கே குடித்தவர்களுக்கு அந்த ருசிதான் பழகிவிட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகின. கொட்டை பச்சை மாறாமல் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தது. சந்தோஷப்பட்டார்களா? "இது எங்கள் காப்பி இல்லையே" என்றார்கள்! வியாபாரிகள் என்ன செய்வார்கள்? கப்பலில் தானாக நடந்ததைக் கரையிலே வேண்டுமென்று நடத்தினார்கள். இன்றைக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, நான்கு பக்கமும் திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, கிளறிவிட்டு, தளர்வாக மூட்டை கட்டி, காற்றுப் புகும்படி அடுக்கி, மாற்றி மாற்றி அடுக்கி, மழைக்காற்றைக் குடிக்க வைக்கிறார்கள். சாதாரண அரபிகாவில் வெளிறிய கொட்டை ஒன்று கண்ணில் பட்டால் பொறுக்கி எறிவார்கள்; இங்கே வெளிறாவிட்டால் விலை இல்லை.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, எல்லாம் பழக்கம்தான்" என்று ஒருவர் சொல்லக் கூடும். பழக்கம்தான்; ஆனால் பழக்கத்தால் வந்தது என்பதால் ஒரு ருசி போலியாகிவிடுமா என்பது வேறு கேள்வி. தாய்மொழிகூடப் பழக்கத்தால் வந்ததுதான். பிறந்த வீட்டில் வேறு மொழி பேசியிருந்தால் அதில்தான் கனவு கண்டிருப்போம். அதனால் தமிழில் நாம் காணும் கனவு பொய்யென்று யாரும் சொல்லுவதில்லை.

சிக்கரிக்கும் இதேபோல ஒரு சரித்திரம் இருக்கிறது. அது ஒரு செடியின் வேர். வறுத்துப் பொடித்தால் கருமையும் கைப்பும் ஒரு கருகல் இனிப்பும் தரும். காபீன் துளிக்கூடக் கிடையாது. பிரஷ்யாவின் மன்னர் பிரெடெரிக் 1777இல், குடிகள் காப்பிக்காகப் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே என்று கோபித்துக்கொண்டு, பீர் குடித்தாலே போதும் என்று கட்டளையிட்டார். 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் சரக்கு ஐரோப்பாவில் இறங்கக் கூடாது என்று தடை போட்டபோது பிரான்ஸில் காப்பிக்குப் பஞ்சம் வந்தது; சிக்கரி அந்த இடத்தைப் பிடித்தது. பஞ்சம் தீர்ந்த பிறகும் அது போகவில்லை. இல்லாமையில் பிறந்த பண்டம்தான். அதற்காக அது என்றென்றைக்கும் தலைகுனிந்து நிற்க வேண்டுமா? மோரில் ஊறி வெயிலில் காய்ந்த வற்றலும், பழைய சோற்று நீராகாரமும் செல்வத்தில் பிறந்தவையா என்ன?

"அப்படியானால் கலப்படத்துக்கு வக்காலத்து வாங்குகிறீரா?" என்று கேட்காதீர்கள். கலப்பு வேறு, கலப்படம் வேறு. இந்த இடத்தில் ருசி நியாயம் முடிந்து தர்ம நியாயம் ஆரம்பிக்கிறது. காப்பியும் சிக்கரியும் கலந்த பொடியில் காப்பி 100க்கு 51 பங்குக்குக் குறையக் கூடாது என்றும், எது எவ்வளவு என்பதைப் பாக்கெட்டின் மேல் அச்சிட வேண்டும் என்றும் நம் நாட்டுச் சட்டம் சொல்லுகிறது. அதைப் படித்துவிட்டு வாங்குகிறவனை யாரும் ஏமாற்றவில்லை. சுத்தமான காப்பி என்று சொல்லிவிட்டுச் சிக்கரியைச் சேர்ப்பவனும், வறுத்த புளியங்கொட்டையையோ பேரீச்சங்கொட்டையையோ அரைத்துச் சேர்ப்பவனும் செய்கிற குற்றம், அந்தப் பண்டம் மட்டம் என்பதில் இல்லை. சொல்லாமல் சேர்த்ததில் இருக்கிறது. ஒரு தம்ளர் குளிர்ந்த நீரில் பொடியைத் தூவிப் பாருங்கள். காப்பி மிதந்துகொண்டிருக்கும், சிக்கரி பழுப்பாகச் சாயம் விட்டுக்கொண்டே கீழே இறங்கும். ருசியெல்லாம் அவரவர் இஷ்டம் என்று தத்துவம் பேசிக்கொண்டே இருந்தால் அதனால் முதலில் லாபம் அடைகிறவன் இந்தப் புளியங்கொட்டைக்காரன்தான். ஆகவே ருசி பார்த்துச் சொல்லுகிறவன் ஊருக்கு வேண்டும்.

குலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உயர்குடி என்று நாம் கொண்டாடும் அரபிகாவே ஒரு கலப்பு மணத்தில் பிறந்தது. ஆப்பிரிக்கக் காடுகளில், மனிதன் தலையிடாமலே, இரண்டு வேறு வேறு காப்பி இனங்கள் கலந்து உண்டானது அது. தாய் தந்தை இருவரில் ஒருவர் யூஜெனியாய்டிஸ் என்ற இனம். மற்றவர் யார் தெரியுமா? கானபோரா, அதாவது ரொபஸ்டாவின் இனமேதான்! ரொபஸ்டாவில் 22 குரோமோசோம். இரண்டு வீட்டுச் சொத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டதால் அரபிகாவில் 44. கடை வாசலில் குரல் உயர்த்தி "ரொபஸ்டா கலக்கக் கூடாது" என்று சொல்லுகிறவருக்கு இதை யாராவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். இந்த உயர்குடிக்கு உடம்பும் அவ்வளவு திடமில்லை. சூயஸ் கால்வாய் திறந்த அதே 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தென்பட்டது. இருபது வருஷத்துக்குள் அந்தத் தீவின் காப்பித் தொழிலே அழிந்து தேயிலை வந்தது. மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து, கண்டி மலைகளில் அந்தக் காப்பியை வளர்த்தவர்கள் நம் ஊர்த் தமிழர்கள். அந்த நோய்க்கு ஈடுகொடுத்து நின்றது ரொபஸ்டா. இன்று இந்தியாவில் விளையும் காப்பியில் 100க்கு சுமார் 70 பங்கு அதுதான்.

கொட்டையின் உயர்வு தாழ்வு கொட்டையோடு நின்றிருந்தால் நான் இத்தனை தூரம் எழுதியிருக்க மாட்டேன். அது மனிதர்கள் மேல் ஏறிக்கொள்கிறது. நம் வீடுகளில் முதல் டிகாக்ஷன் யாருக்கு, இரண்டாம் டிகாக்ஷன் யாருக்கு என்று எழுதாத சட்டம் ஒன்று உண்டு. மாப்பிள்ளைக்கும் மேலதிகாரிக்கும் முதல் டிகாக்ஷன். அதே பொடியில் மறுபடி வெந்நீர் விட்டு இறக்கிய வெளிறின சாறு பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கு. "அவளுக்கு இதுதான் பிடிக்கும், பழகிப் போச்சு" என்று ஒரு காரணமும் உடனே கிடைத்துவிடுகிறது. நாக்குக்கு நாக்கு ருசி வேறு என்ற அந்தப் பெருந்தன்மையான கொள்கை எவ்வளவு சௌகரியமாகப் பயன்படுகிறது, பாருங்கள்! மலபார்க் காப்பி குடித்த ஐரோப்பியர்களின் பழக்கமும் இந்தப் பழக்கமும் ஒன்றாகுமா? அவர்களுக்குப் பச்சைக் கொட்டையும் கிடைத்தது. வெளிறினதைக் கேட்டு வாங்கினார்கள். இவளுக்கு முதல் டிகாக்ஷனைக் கொடுத்துப் பார்த்தவர் யார்? இரண்டையும் குடித்துப் பார்க்க வழியில்லாதவரிடம் போய், உன் ருசி இதுதான் என்று சொல்லுவது ருசியைப் பற்றிய பேச்சே இல்லை.

டம்ளருக்கும் இதே கதை நடந்தது. சென்னைக் காப்பி ஹோட்டல்களில் ஒரு காலத்தில் சாப்பிடும் இடமே ஜாதிக்குத் தகுந்தபடி பிரிந்திருந்தது. கிராமத்துக் கடைகளில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனிக் குவளை. குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். 1950இல் அரசியல் சட்டம் கடைகளிலும் உணவு விடுதிகளிலும் ஜாதி பார்த்துத் தடுக்கக் கூடாது என்று விதித்தது. அதற்குப் பிறகும் பல கிராமங்களில் இரட்டைக் குவளை நீடித்தது. உள்ளே ஊற்றியது ஒரே கொட்டை, ஒரே பால். ருசியில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாத இடத்தில் பாத்திரத்தில் வித்தியாசம் வைத்தார்கள்.

இப்போது புதிதாகக் கிளம்பியிருக்கும் காப்பி ரசிகர்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மலையின் பெயர், தோட்டத்தின் பெயர், கழுவிய முறை, வறுத்த தேதி எல்லாம் கேட்டு வாங்குகிறார்கள். இது நல்லதுதான். நாற்பது வருஷம் காப்பி குடித்தும் அது ஒரு பழத்தின் விதை என்று தெரியாமலே காலம் கழிப்பதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அவர்களில் சிலர் அந்த ஞானம் வந்த மறுநாளே அம்மாவின் பில்டர் காப்பியைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அவர்களைவிட, மரநாயைக் கூண்டில் அடைத்துக் காப்பிப் பழத்தை ஊட்டி, அதன் கழிவிலிருந்து பொறுக்கிய கொட்டைக்கு ஏராளமான விலை கொடுக்கிறவர்களைப் பற்றி எனக்கு மரியாதை குறைவு. அங்கே விலை கொடுத்து வாங்குவது ருசியையா, பிறருக்குக் கிடைக்காததை நாம் குடித்தோம் என்ற பெருமையையா?

கொட்டையைத் தேர்ந்தெடுக்கும் முதல் நிபுணர் கரண்டி பிடித்தவர் அல்லர். காப்பிப் பழம் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஒரே கொத்தில் சிவந்ததும் காயும் சேர்ந்தே இருக்கும். சிவந்ததை மட்டும் பார்த்துப் பறித்து, காயை விட்டுவைத்து, மறுபடி மூன்று நான்கு முறை அதே செடிக்கு வர வேண்டும். சேர்வராயன் மலையிலும் பழனி மலையிலும் குடகிலும் நவம்பர் முதல் பனியில் நின்று இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காய் கலந்தால் கோப்பையில் துவர்க்கும்; எந்த வறுப்பும் அதை மறைக்காது. நிபுணர் போடும் மார்க்கில் பாதி அந்தப் பெண்ணின் விரல்களில் முடிவாகிவிடுகிறது. ஆனால் கூலி எடைக்கு என்று வைத்தால், பார்த்துப் பறிக்கிறவளுக்குக் குறைவாகவும், கொத்தோடு உருவுகிறவளுக்கு அதிகமாகவும் கிடைக்கும். பார்த்துப் பறிக்காதே என்று முதலாளியே சொல்லிக் கொடுத்தது போல ஆகும். பழுத்ததற்கென்று கூடுதல் கூலி கொடுக்கும் தோட்டங்களும் இருக்கின்றன. எந்தத் தோட்டம் எப்படிக் கொடுக்கிறது என்பதை, நல்ல காப்பி வேண்டும் என்கிறவர்கள் கேட்டு வாங்கலாம். மலையின் உயரத்தை அடிக்கணக்கில் பாக்கெட்டின் மேல் அச்சிடுகிறவர்களுக்கு இந்த ஒரு வரிக்கு இடம் இல்லாமலா போய்விடும்?